வந்தவர் எத்தனை பேர்? விளையாட்டு அரங்குகளின் பார்வையாளர் கணக்கு குறித்து

2023 ஜனவரி 15 அன்று திருவனந்தபுரம் காரியவட்டத்தில் உள்ள கிரீன்ஃபீல்டு அரங்கில் இந்திய அணி இலங்கையை 317 ரன் வித்தியாசத்தில் வென்றது. ஆடவர் ஒருநாள் கிரிக்கெட்டில் அதுவரை எந்த அணியும் அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் வென்றதில்லை. விராட் கோலி ஆட்டமிழக்காமல் 166 ரன், சுப்மன் கில் 116 ரன், முகமது சிராஜுக்கு நான்கு விக்கெட், இலங்கை 73 ரன்னுக்குச் சுருண்டது என எல்லாம் அன்றைய ஸ்கோர் அட்டையில் இருக்கிறது. வீசிய ஒவ்வொரு பந்துக்கும் அதில் கணக்கு உண்டு. அதை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்ற ஒரு விவரத்துக்கு மட்டும் அதில் இடமில்லை.

ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் அமரக்கூடிய அந்த அரங்கில் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. ஒருநாள் கிரிக்கெட் செத்துக்கொண்டிருக்கிறதா என்று முன்னாள் வீரர் யுவராஜ் சிங் அன்றே பொதுவெளியில் கேட்டார். காரணங்கள் பலவாறாகச் சொல்லப்பட்டன. பொது டிக்கெட் விலை ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய். தொடரின் வெற்றி முன்பே முடிவாகிவிட்டது. பொங்கலும் சபரிமலை மகரவிளக்கும் ஒட்டி வந்த நாட்கள். இவற்றோடு கேளிக்கை வரி விவாதமும் சேர்ந்துகொண்டது. முந்தைய ஆட்டத்துக்கு 5 சதவீதமாக இருந்த வரி 12 சதவீதமானது. அதையொட்டி, பட்டினி கிடப்பவர்கள் ஆட்டம் பார்க்கப் போகவேண்டியதில்லை என்ற பொருள்பட மாநில விளையாட்டுத் துறை அமைச்சர் வி. அப்துரஹிமான் பேசியது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அந்தப் பேச்சுதான் டிக்கெட் விற்பனையைக் கெடுத்தது என்று கிரிக்கெட் சங்கத் தரப்பினர் குறைபட்டுக்கொண்டார்கள்.

இந்த விவாதம் பெரும்பாலும் ஓர் அடிப்படை எண் இல்லாமலே நடந்தது என்பதுதான் என் கவனத்தை ஈர்க்கிறது. நோய்க்குக் காரணம் பேசிய பலரும் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று பார்க்கவில்லை. விளையாட்டுக் கழகங்களும் சங்கங்களும் அறிவிக்கும் பார்வையாளர் எண்ணிக்கையை நம்பலாமா? அவர்கள் எண்ணிக்கையே சொல்லாமல் விடும்போது அந்த மௌனத்தை எப்படிப் புரிந்துகொள்வது? இக்கட்டுரை கேரள அரங்குகளை மையமாக வைத்து இக்கேள்விகளை ஆராய முயல்கிறது.

எந்த எண்ணைச் சொல்கிறார்கள்?

ஒரே ஆட்டத்துக்குக் குறைந்தது நான்கு எண்கள் உண்டு. அச்சிட்டு வெளியே விட்ட டிக்கெட்டும் பாஸும் சேர்ந்தது ஒன்று. அவற்றில் காசு வாங்கி விற்றவை எத்தனை என்பது இரண்டாவது. அன்று வாசலைக் கடந்து உள்ளே வந்த தலைகள் மூன்றாவது. ஆட்டத்தின் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் இருக்கையில் இருந்தவர்கள் நான்காவது. இந்த நான்கும் ஒன்றாக இருப்பது மிக அபூர்வம். பெரும்பாலான நாட்களில் முதல் எண்ணே பெரியதாகவும் கடைசி எண்ணே சிறியதாகவும் இருக்கும்.

வித்துராவில் வாழ்பவனுக்கு இரண்டாவது எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் உள்ள இடைவெளி எப்படி உருவாகிறது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பொன்முடி அடிவாரத்தில் இருக்கும் இவ்வூரிலிருந்து நெடுமங்காடு வழியாகக் காரியவட்டம் போய்ச் சேரவே பாதி நாள் செலவு. இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் இருபது ஓவர் ஆட்டம் முடியப் பத்தரை ஆகிவிடும். அதன் பிறகு மலையோர ஊர்களுக்கு பஸ் ஏது? போனக்காடு தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்துப் பையன் ஒருவன் நண்பர்களோடு சேர்ந்து டிக்கெட் எடுத்திருப்பான். மழை பிடித்துக்கொண்டாலோ, ஜீப்புக்குத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு சேராவிட்டாலோ பயணம் நின்றுபோகும். அவன் கொடுத்த காசு சங்கத்தின் வரவில் இருக்கிறது, அவன் இருக்கை காலியாக இருக்கிறது. அவனை வந்தவனாகக் கணக்கில் எடுப்பதா?

வாசலிலும் சிக்கல் இருக்கிறது. பொது டிக்கெட் வாங்கியவர் வரிசையில் நின்று, கைபேசியில் வந்த குறியீட்டை நீட்டி, ஸ்கேனர் ஒலித்த பிறகே உள்ளே போகிறார். பாஸ்காரர்களுக்கு வேறு வாசல். கழுத்தில் அட்டை தொங்கவிட்டவர்கள், மணிக்கட்டில் நிறப் பட்டை கட்டியவர்கள், கூட வந்தவர்கள் என்று அந்த வாசலில் ஸ்கேனரைக் காட்டிலும் முகப்பழக்கமே அதிகம் வேலை செய்கிறது. கருவி இருக்கும் அரங்கிலேயே உள்ளே வந்தவர்களில் ஒரு பகுதியினர் கருவியின் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள்.

இலவச பாஸ் சின்ன விஷயமில்லை. லோதா குழுப் பரிந்துரைகளை ஒட்டி 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற கிரிக்கெட் வாரியத்தின் புதிய விதிகள், அரங்கின் டிக்கெட்டுகளில் பத்து சதவீதம் மட்டுமே இலவசமாகப் போகலாம், மீதி பொது விற்பனைக்கு வரவேண்டும் என்றன. அந்தப் பத்து சதவீதத்தை வாரியமும் மாநிலச் சங்கமும் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்ற தகராறில் அதே ஆண்டு அக்டோபரில் இந்தூரில் நடக்கவேண்டிய இந்தியா – மேற்கிந்தியத் தீவுகள் ஒருநாள் ஆட்டம் விசாகப்பட்டினத்துக்கு மாற்றப்பட்டது. ஒரு சர்வதேச ஆட்டத்தையே இடம்பெயர்க்கும் அளவுக்கு பாஸ் மதிப்புள்ளது. ஆனால் எந்த ஆட்டத்துக்கு எத்தனை பாஸ் போனது என்று ரசிகனுக்குத் தெரியவரும் வழி இல்லை.

நம் நாட்டில் அறிவிக்கப்படும் எண்ணிக்கை இந்த நான்கில் எது என்று சொல்லும் வழக்கம் இல்லை. கிரிக்கெட்டில் பெரும்பாலும் எண்ணே அறிவிக்கப்படுவதில்லை. இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தில் ஆட்டத்துக்கு ஆட்டம் எண் வருகிறது, ஆனால் அதை எடுத்த முறை கூடவே வருவதில்லை.

கலூர் அரங்கின் இரண்டு கொள்ளளவுகள்

இந்தியன் சூப்பர் லீக் 2014 அக்டோபர் 12 அன்று கொல்கத்தாவில் தொடங்கியது. முதல் பருவம் முடிந்ததும், சராசரிப் பார்வையாளர் எண்ணிக்கையில் இது உலகின் நான்காவது பெரிய கால்பந்து லீக் என்ற செய்தி எங்கும் பரவியது. ஜெர்மனி, இங்கிலாந்து, ஸ்பெயின், அடுத்து இந்தியா. அந்தப் பெருமையில் கொச்சிக்குப் பெரும் பங்கு இருந்தது. கலூர் ஜவாஹர்லால் நேரு அரங்கில் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆடிய ஆட்டங்களின் சராசரி ஐம்பதாயிரத்தை ஒட்டி அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 13 அன்று சென்னையின் அணிக்கு எதிரான அரையிறுதிக்கு ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் என்றார்கள்.

இந்த எண்களை ஒட்டுமொத்தமாகப் பொய் என்று தள்ள நான் தயாரில்லை. மஞ்சள் நிறத்தில் நிரம்பி வழிந்த கேலரிகளின் படங்கள் கண்முன் இருக்கின்றன. திருவனந்தபுரத்திலிருந்தும் மலப்புறத்திலிருந்தும் ரயிலிலும் வேனிலும் போனவர்கள் நம்மோடு வாழ்கிறார்கள். கேரளத்தின் கால்பந்துப் பித்து விளம்பரக்காரர்கள் கட்டிய கதை அல்ல. 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் ரயில்வே அணியை வீழ்த்திக் கேரளம் முதல் சந்தோஷ் கோப்பையை வென்ற நாளுக்கு முன்பிருந்தே அது வேரூன்றியிருக்கிறது.

ஆனால் மூன்றே ஆண்டுகளில் அதே அரங்கில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். 2017 அக்டோபரில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக ஃபிஃபா அதிகாரிகள் கலூர் அரங்கைப் பார்வையிட்டார்கள். நெருக்கடி நேர்ந்தால் மக்கள் எத்தனை நிமிடத்தில் வெளியேற முடியும், எத்தனை வாசல்கள், எத்தனை அகலம் என்ற கணக்கு போடப்பட்டது. பிரேசில் – ஸ்பெயின் ஆட்டத்துக்கும் ஸ்பெயின் – ஈரான் கால் இறுதிக்கும் அனுமதிக்கப்பட்ட உச்ச எண்ணிக்கை 29,000. அரங்கு அப்படியேதான் இருந்தது. படிகள் இடியவில்லை, கேலரி சுருங்கவில்லை.

இங்கே பிளாஸ்டர்ஸ் கழகமும் லீக் அமைப்பும் மட்டுமல்ல, அரங்கின் உரிமையாளரான பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையமும் பதில் சொல்லவேண்டிய ஓர் இக்கட்டு எழுகிறது. அறுபதாயிரம் என்ற எண் மிகைப்படுத்தப்பட்டது என்றால், உலகின் நான்காவது லீக் என்ற பெருமை காற்றில் கட்டியது. அந்த எண் உண்மையானது என்றால், பாதுகாப்பாக வெளியேறக்கூடியவர்களைப் போல இரண்டு மடங்கு மக்கள் அன்று உள்ளே அடைக்கப்பட்டிருந்தார்கள். இரண்டில் எதை ஒப்புக்கொண்டாலும் பொறுப்பு வருகிறது. பார்வையாளர் எண்ணிக்கையைத் துல்லியமாகச் சொல்ல நம் அரங்குகள் தயங்குவதற்கு இந்த இக்கட்டு ஒரு முக்கியமான காரணம் என்று கருதுகிறேன். பொய் எண் மானத்தைக் கெடுக்கும், மெய் எண் வழக்கில் சாட்சியாகும்.

கொள்ளளவு என்று சொல்லப்படும் எண்ணும் உறுதியானதல்ல. சென்னை சேப்பாக்கத்தில் 2011இல் புதிதாகக் கட்டிய ஐ, ஜே, கே என்ற மூன்று கேலரிகள் கட்டட விதிமீறல் பிரச்சினையில் பூட்டப்பட்டன. பன்னிரண்டாயிரம் இருக்கைகள் பல ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்தன. அந்தக் காலம் முழுவதும் அரங்கின் கொள்ளளவாகப் பழைய எண்ணே பல இடங்களில் அச்சாகிக்கொண்டிருந்தது. அரங்கு எத்தனை சதவீதம் நிரம்பியது என்று கணக்கிடுபவர், வகுக்கும் எண்ணையும் சந்தேகிக்க வேண்டும்.

பெரிய எண்களின் வரலாறு

இந்தியக் கால்பந்தின் மிகப் பெரிய எண் கொல்கத்தாவுடையது. 1997 ஜூலை 13, சால்ட் லேக் அரங்கு, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 4–1 என்று வென்றது. பார்த்தவர்கள் 1,31,781 பேர் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. அன்று அந்த அரங்கின் கொள்ளளவு ஏறத்தாழ 1,20,000. இங்கும் அதே இக்கட்டு. அந்த அரங்கே புதுப்பிக்கப்பட்டு, இருக்கைகள் தனித்தனியாகப் பொருத்தப்பட்டு, 2017 உலகக் கோப்பை இறுதியாட்டத்தைக் கண்டபோது அறிவிக்கப்பட்ட எண் 66,684. முந்தையதில் ஏறத்தாழ சரிபாதி.

1997இன் எண்ணைக் கொண்டாடும் கட்டுரைகள் ஏராளம். அதே நகரில் 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் இதே இரு அணிகள் மோதியபோது கேலரியில் எழுந்த கலவரத்தில் பதினாறு ரசிகர்கள் இறந்ததை அந்தக் கட்டுரைகளில் எத்தனை நினைவுகூர்கின்றன? கூட்டத்தின் அளவை வீரப் பிரதாபமாக மட்டும் எழுதும் பழக்கம், கூட்டத்தை எண்ணும் பொறுப்பிலிருந்து நம்மை விலக்கி வைத்திருக்கிறது.

கிரிக்கெட்டில் 1999 பிப்ரவரி ஈடன் கார்டன்ஸ் டெஸ்டை எடுத்துக்கொள்வோம். இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடிய அந்த ஆட்டத்தை ஐந்து நாளும் சேர்த்து ஏறத்தாழ 4,65,000 பேர் பார்த்ததாகச் சொல்லப்படுகிறது. டெஸ்ட் வரலாற்றின் உலக சாதனை அது. சச்சின் டெண்டுல்கர் ரன் அவுட் ஆனதையொட்டி எழுந்த கொந்தளிப்பால் கடைசி நாள் காவல்துறை ரசிகர்களை வெளியேற்ற, ஆட்டம் ஆளில்லாத அரங்கில் முடிந்தது. வெளியேற்றப்பட்டவர்களும் வந்தவர்கள் கணக்கில்தான் இருக்கிறார்கள். வாசலைக் கடந்தவர் என்ற அளவுகோலில் அது சரியே.

எனக்கு உறுத்துவது அந்த எண்ணின் வடிவம். அது முறியடித்த பழைய சாதனை 1937 ஜனவரியில் மெல்பர்னில் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் ஆடிய டெஸ்டுக்கு வந்தவர்கள்: 3,50,534. ஒற்றை ஆள் வரை எண்ணப்பட்ட எண். 2024 டிசம்பரில் அதே மெல்பர்னில் இந்தியா ஆடிய டெஸ்ட் அந்த உள்ளூர் சாதனையைக் கடந்தது: 3,73,691. அறுபது ஆண்டுகள் முந்தைய மெல்பர்ன் எண்ணை ஈடன் கார்டன்ஸ் ஆயிரங்களில் முழுமையாக்கிய ஒரு மதிப்பீட்டால் வென்றது. உண்மையிலேயே அதிகமானோர் வந்திருக்கலாம். வந்திருப்பார்கள் என்றே நம்புகிறேன். ஆனால் நம்பிக்கை வேறு, கணக்கு வேறு.

வாசகர் கைக்கொள்ளக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. உண்மையாக எண்ணப்பட்ட தொகைகளின் கடைசி இலக்கம் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை ஏறத்தாழ சமமாகப் பரவும். ஒரு கழகம் இருபது ஆட்டங்களுக்கு அறிவித்த எண்களில் இரண்டு, மூன்று பூஜ்யத்தில் முடிந்தால் இயல்பு. பதினைந்து அப்படி முடிந்தால் யாரும் எண்ணவில்லை என்று பொருள். மறுபக்கம், ஒற்றை இலக்கம் வரை சொல்லப்படும் எண் எல்லாம் எண்ணப்பட்டது என்று நினைப்பதும் தவறு. விற்ற டிக்கெட்டின் எண்ணிக்கையும் ஒற்றை இலக்கம் வரை துல்லியமாகத்தான் இருக்கும்.

யாரிடம் காட்டும் கணக்கு?

பார்வையாளர் எண்ணிக்கை பெரும்பாலும் மிகைப்படுத்தப்படுகிறது என்பதே பொதுவான எண்ணம். இது பாதி உண்மை. எண் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது, கணக்கைக் கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது.

விளம்பரதாரரும் ஒளிபரப்பு நிறுவனமும் கேட்கும்போது பெரிய எண் பயன்படும். இந்தியக் கால்பந்தின் வணிக உரிமை 2010 டிசம்பரில் ஐஎம்ஜி – ரிலையன்ஸ் நிறுவனத்துக்கு 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டது. அந்த முதலீட்டின் பயனாகத் தோன்றிய லீக், தன் முதல் பருவத்திலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது என்று காட்டவேண்டிய கட்டாயத்தில் இருந்தது. சட்டை முன்புறத்திலும் மைதான ஓரப் பலகையிலும் பெயர் போட வருபவர் முதலில் கேட்பது, எத்தனை கண்கள் பார்க்கும் என்பதைத்தான்.

வரி அலுவலர் கேட்கும்போது சிறிய எண் பயன்படும். கேரளத்தில் கேளிக்கை வரி உள்ளாட்சி அமைப்புகளுக்கு உரியது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழுங்குபடுத்துகிறது. சரக்கு – சேவை வரியும் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டு ஆட்டங்களுக்கு 500 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டில் 18 சதவீதம். ஐபிஎல் டிக்கெட்டுக்கு 28 சதவீதமாக இருந்து 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். இந்த வரிகள் விற்ற டிக்கெட்டின் மேல் விதிக்கப்படுவதால், ரூபாய் அளவில் துல்லியமான ஒரு கணக்கு எங்கோ ஒரு கோப்பில் இருந்தே தீரவேண்டும். அதாவது, நம்மிடம் எண் இல்லை என்பது உண்மையல்ல. எண் அலுவலகத்துக்குப் போகிறது, ரசிகனுக்கு வருவதில்லை.

காவல்துறையும் தீயணைப்புத் துறையும் கேட்கும்போது என்ன எண் சொல்லப்படுகிறது என்பதுதான் உயிரோடு தொடர்புடையது. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்கில் ஐபிஎல் வெற்றிக் கொண்டாட்டத்தின்போது வாசல்களில் ஏற்பட்ட நெரிசலில் பதினொரு பேர் இறந்தார்கள். அரங்கின் கொள்ளளவு 35,000. இரண்டு, மூன்று லட்சம் பேர் திரண்டதாகக் கர்நாடக முதலமைச்சரே சொன்னார். உள்ளே நுழைய எத்தனை பேருக்கு அனுமதி உண்டு என்பது முன்கூட்டி எண்ணாகத் தெளிவுபடுத்தப்படாத இடத்தில், வாசலே எண்ணும் கருவியாக மாறிவிடுகிறது. அது மனித உடலை வைத்து எண்ணுகிறது.

செவன்ஸ் மைதானமும் ஊராட்சி முத்திரையும்

பெரிய அரங்குகளை விட்டு இறங்கினால் படம் இன்னும் தெளிவாகிறது. கேரளத்தின், குறிப்பாக மலபாரின், அணிக்கு எழுவர் ஆடும் செவன்ஸ் கால்பந்து மழைக்காலம் போனதும் தொடங்கி அடுத்த மழை வரை நீள்கிறது. அறுவடை முடிந்த வயலில் கமுகும் மூங்கிலும் கட்டிய தற்காலிகக் கேலரிகள், உயரக் கம்பங்களில் விளக்கு, ஒலிபெருக்கியில் இடைவிடாத அறிவிப்பு. வித்துரா, தொளிக்கோடு, ஆரியநாடு பக்கத்துக் கலை – விளையாட்டுக் கழகங்கள் நடத்தும் போட்டிகள் அளவில் சிறியவை என்றாலும் நடைமுறை இதுதான்.

இங்கே எண்ணும் கருவி, டிக்கெட் புத்தகம். மெல்லிய நிறத் தாளில் அச்சிட்டு, நூறு நூறாகத் தைத்து, துளையிட்ட கோட்டுக்கு இருபுறமும் ஒரே வரிசை எண். கிழித்துக் கொடுத்தால் அடிக்கட்டை புத்தகத்திலேயே நிற்கும். கேளிக்கை வரிச் சட்டப்படி விற்பனைக்கு முன் இந்தப் புத்தகங்களை உள்ளாட்சி அலுவலகத்தில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். ஆட்டம் முடிந்தபின் அடிக்கட்டைகளை எண்ணினால் விற்றது எத்தனை என்று தெரியும். காகிதத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. நூறாண்டுகளுக்கு முன்பே நாடகக் கொட்டகைக்கும் சர்க்கஸ் கூடாரத்துக்கும் இப்படித்தான் கணக்கு எடுத்தார்கள்.

ஆனால் முத்திரை விழாத புத்தகம் ஒன்று மேசைக்கடியில் இருந்தால் இந்த ஏற்பாடு முழுவதும் சரிந்துவிடும். கூட்டம் எதிர்பார்த்ததை மீறும்போது டிக்கெட் கிழிப்பதையே விட்டுவிட்டுக் காசை வாங்கி உள்ளே விடுவதும் உண்டு. இவை பலவும் ஊர்ப் பொது நோக்கத்துக்கு, யாரோ ஒருவரின் சிறுநீரகச் சிகிச்சைக்கு, வீடு கட்டிக் கொடுப்பதற்கு என நடத்தப்படும் போட்டிகள். வரி குறைந்தால் உதவி கூடும் என்று அமைப்பாளர்கள் நினைப்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஏற்க முடியவில்லை. வரிக்காகக் குறைத்துக் காட்டப்பட்ட தலைகள் கேலரியின் பாரத்திலிருந்து குறைவதில்லை.

2022 மார்ச் 19 இரவு மலப்புறம் மாவட்டம் பூங்ஙோட்டில் செவன்ஸ் இறுதியாட்டத்தின்போது தற்காலிகக் கேலரி சரிந்து ஏறத்தாழ இருநூறு பேர் காயமடைந்தார்கள். அனுமதிக்கு மேல் ஆட்களை உள்ளே விட்டதாகப் புகார் எழுந்து அமைப்பாளர்கள் மீது வழக்கு பதிவானது. அதற்கு இரண்டாண்டு முன்பு, 2020 ஜனவரி 19 அன்று பாலக்காடு நூரணியிலும் இது நடந்தது. செவன்ஸ் ஆட்டத்தின் நடுவே மாரடைப்பால் இறந்த முன்னாள் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் வீரர் ஆர். தனராஜனின் குடும்பத்துக்கு நிதி திரட்டும் ஆட்டம் அது. ஐ.எம். விஜயனும் பாய்ச்சுங் பூட்டியாவும் வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே கேலரி விழுந்து ஐம்பது பேர் வரை காயமடைந்தார்கள். இறந்த வீரனின் வீட்டுக்கு உதவ வந்தவர்கள் எலும்பு முறிந்து மருத்துவமனைக்குப் போனார்கள்.

பிற நாடுகளில்

பிற நாடுகளில் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். 1923இல் லண்டன் வெம்ப்ளி அரங்கின் முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்துக்கு அதிகாரபூர்வ எண் 1,26,047. சுவரேறிக் குதித்தவர்களையும் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்குக் குறையாது என்பது பரவலான மதிப்பீடு. 1950 உலகக் கோப்பையில் பிரேசிலும் உருகுவேயும் மோதிய மாரக்கானா ஆட்டத்துக்குக் காசு கொடுத்தவர்கள் 1,73,850. வந்தவர்கள் இரண்டு லட்சத்தை ஒட்டி. அந்தக் காலத்தில் அதிகாரபூர்வ எண் உண்மையைவிடச் சிறியது. இன்று பருவச் சீட்டு விற்பனை பெருகிய பிறகு நிலைமை தலைகீழ். இங்கிலாந்து பிரீமியர் லீகில் அறிவிக்கப்படும் எண், விற்ற டிக்கெட்டின் எண்ணிக்கை. வராத பருவச் சீட்டுக்காரரும் அதில் அடக்கம். காவல்துறையிடமும் உள்ளாட்சிகளிடமும் இருந்த வாசல் கணக்குகளைத் தகவல் உரிமை வழியாகக் கேட்டுப் பெற்று பிபிசி 2018இல் ஒப்பிட்டது. வெஸ்ட் ஹாம் கழகத்தில் மட்டும் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் வித்தியாசம் வந்தது.

அந்த ஒப்பீடு சாத்தியமானது எதனால் என்பதே நமக்கு முக்கியம். 1989 ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேரின் சாவுக்குக் காரணமான நெரிசலில் ஒரு கொடிய குறை வெளிப்பட்டது. சுழல்வாயில்கள் லிவர்பூல் ரசிகர்கள் நின்ற பக்கம் முழுவதற்கும் சேர்த்து எண்ணினவே தவிர, நடுவிலிருந்த கூண்டுகளுக்குள் எத்தனை பேர் போனார்கள் என்பதைத் தனியாக எண்ணவில்லை. மொத்த எண் வரம்புக்குள் இருக்க, கூண்டுக்குள் மக்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள். நீதிபதி டெய்லரின் அறிக்கைக்குப் பிறகு வாசல்வாரியான, பகுதிவாரியான கணக்கு அங்கே பாதுகாப்பின் அடிப்படையாயிற்று. கழகம் பத்திரிகைக்கு எதைச் சொன்னாலும், உண்மை எண் உள்ளாட்சியின் கையில் இருந்தாக வேண்டும்.

நம் நாட்டிலும் தணிக்கை வந்தால் எண் திருந்துகிறது. 2022 மே 29 அன்று அகமதாபாத்தில் நடந்த ஐபிஎல் இறுதியாட்டத்துக்கு 1,04,000க்கு மேல் வந்ததாகச் செய்திகள் சொல்லின. கின்னஸ் சான்றிதழில் இருக்கும் எண் 1,01,566. வித்தியாசம் சிறியது. சாதனையும் குறையவில்லை. சான்று தருபவர் ஒருவர் எதிரே நின்றால் எண்ண முடிகிறது என்பதே இதில் தெரியவருவது.

கழகங்களின் தரப்பு

கழகங்களுக்கும் சொல்ல நியாயம் உண்டு. டிக்கெட் வாங்கியவர் கழகத்துக்கு ஆதரவு கொடுத்தவர். அவர் வராதது அவர் விருப்பம். விற்ற எண்ணிக்கையை வருகையாகச் சொல்வதில் ஏமாற்று இல்லை என்பார்கள். அமெரிக்கப் பேஸ்பால் லீகுகள் இரண்டும் 1990களிலிருந்து விற்பனை எண்ணையே அறிவிக்கின்றன. அது எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் ஏமாறுவதில்லை. இந்த வாதத்தை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. எந்த எண் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விடும்போதுதான் அது ஏமாற்றாகிறது.

சின்னக் கழகங்களிடம் ஸ்கேனர் வாங்கப் பணமில்லை என்ற வாதம் இன்று செல்லாது. தேநீர்க் கடையிலும் மீன் வண்டியிலும் குறியீட்டை ஸ்கேன் செய்து காசு வாங்கும் மாநிலம் இது. 2024இல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளா போன்ற புதிய லீக், திருவனந்தபுரம் சந்திரசேகரன் நாயர் அரங்கு, கோழிக்கோடு இ.எம்.எஸ். அரங்கு, மஞ்சேரி பய்யநாடு அரங்கு என்று பல ஊர்களில் ஆட்டம் நடத்துகிறது. பழைய பழக்கங்களின் சுமை அதற்கு இல்லை. முதல் நாளிலிருந்தே வாசல் கணக்கை வெளியிடும் லீகாக அது இருந்திருக்கலாம், இனியும் இருக்கலாம்.

மூன்றாவது தயக்கம், சிறிய எண்ணை வெளியிட்டால் விளம்பரதாரர் ஓடிவிடுவார் என்பது. கேரளத் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் 2025இல் மாதந்தோறும் படங்களின் செலவையும் கேரளத் திரையரங்குகளிலிருந்து வந்த பங்கையும் வெளியிடத் தொடங்கியபோது இதே அச்சம் எழுந்தது. நடிகர்கள் சிலர் மறுத்தார்கள், சர்ச்சை வெடித்தது. ஆனால் கோடிகளைச் சுவரொட்டியில் ஏற்றிச் சொல்லும் வழக்கத்தை முதன்முறையாகத் தொழிலுக்குள்ளிருந்தே ஓர் அமைப்பு கேள்வி கேட்டது. மலையாள சினிமா அதனால் அழிந்துவிடவில்லை.

நேர்மையான எண்ணால் கழகத்துக்கும் நன்மை உண்டு. 2024–25 பருவத்தில் நிர்வாகத்தின் மேல் அதிருப்தி கொண்ட பிளாஸ்டர்ஸ் ரசிகர் அமைப்பான மஞ்ஞப்பட போராட்டத்தில் இறங்கியது. கலூர் கேலரிகளில் மஞ்சள் குறைந்தது. ரசிகர்கள் எப்போது, எந்த கேலரியிலிருந்து முதலில் விலகினார்கள், விலைக்காகவா, தோல்விக்காகவா, இரவுப் பயணத்துக்காகவா என்று அறிய வாசல்வாரியான கணக்கைவிடச் சிறந்த கருவி எந்த நிர்வாகத்திடமும் இல்லை.

கேட்கவேண்டிய கணக்கு

ஆதாரங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது என் முடிவு இது. நம் கழகங்களும் சங்கங்களும் திட்டமிட்டுப் பொய் சொல்கின்றன என்று ஒட்டுமொத்தமாகக் குற்றம் சாட்ட ஆதாரம் போதாது. ஆனால் அவை அறிவிக்கும் எண்ணை உண்மையென்று ஏற்கவும் ஆதாரம் இல்லை. சரிபார்க்க முடியாத எண்ணை வெளியிடுவதும், சரிபார்க்கக்கூடிய எண்ணைக் கோப்பில் வைத்துப் பூட்டுவதும் நேர்மையான நடைமுறை ஆகாது. விற்றவை, இலவசமாகக் கொடுத்தவை, வாசலைக் கடந்தவை என்று மூன்று எண்களையும் தனித்தனியே, கேலரிவாரியாக, ஆட்டம் முடிந்த மறுநாளே வெளியிட வேண்டும். பக்கத்தில் தீயணைப்புத் துறை அனுமதித்த உச்ச எண்ணும் இருக்க வேண்டும்.

அதுவரை வாசகர் கைகட்டி இருக்கத் தேவையில்லை. கிரீன்ஃபீல்டு ஆட்டத்துக்குக் கேளிக்கை வரி பெற்றது திருவனந்தபுரம் மாநகராட்சி. கலூர் அரங்கு பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையத்தின் சொத்து. செவன்ஸ் டிக்கெட் புத்தகத்தில் முத்திரை வைப்பது நம் ஊராட்சி அலுவலகம். மூன்றும் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. எந்தத் தேதி ஆட்டத்துக்கு எத்தனை டிக்கெட்டுக்கு வரி செலுத்தப்பட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கேட்கலாம். கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.